கண்மாய்ப் புத்தகம் எழுத எந்த மென்பொருள்? மகன் ஒன்று சொல்கிறான், டிடிபி கடைக்காரர் ஒன்று சொல்கிறார்

மேலூர்_வாத்தியார்

வணக்கம். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். மேலூர், கொட்டாம்பட்டி பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியாகச் சொன்னால், எழுதிக்கொண்டிருப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையில் இருக்கும் சரக்கு இவ்வளவு: 11 நோட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் பேசி எடுத்த ஒலிப்பதிவுகள், நானே எடுத்த 140 போட்டோ, 2006 வாக்கில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த மூன்று அத்தியாயம், அப்புறம் வாட்ஸாப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட துண்டு துக்கடா. அடிக்குறிப்பு நிறைய வரும். மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வழி), கலுங்கு (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்), வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய்) என்று எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கம் என்ற பட்டியல், போட ஆசை.

பெங்களூரில் இருக்கும் மகன் புத்தகம் எழுதுவதற்கென்றே உள்ள ஸ்க்ரிவ்னர் என்ற மென்பொருளை வாங்கித் தருகிறேன் என்கிறான். மருமகள் கூகுள் டாக்ஸ் போதும் மாமா என்கிறாள். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் அச்சுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கும் ஒரு டிடிபி கடையில் கேட்டேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல் "எதுல வேணா அடிங்க சார், எப்படியும் நாங்க திரும்ப அடிச்சுக்குவோம்" என்றார். அதிலிருந்து தூக்கம் போச்சு. இருநூறு பக்கத்தை கண்மாயையே பார்க்காத ஒருவர் திரும்ப அடித்தால் 'கலுங்கு' எல்லாம் 'கலங்கு' ஆகிவிடாதா?

மடிக்கணினி பழசு, 4 ஜிபி, விண்டோஸ் 10. டைப்ரைட்டிங் தமிழ் லோயர் 1981ல் பாஸ் செய்தவன், விரல் இன்னும் அந்தப் பழக்கத்தில்தான் ஓடுகிறது. எதைப் பிடிக்கலாம்?

தெப்பக்குளம்

ஐயா, வேர்டைப் பிடியுங்கள், வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். நான் பதினைந்து வருடமாக மொழிபெயர்ப்பு செய்கிறேன், கேட்கிறவர்கள் எல்லாம் வேர்ட் கோப்புதான் கேட்கிறார்கள்.

ஆனால் ஒன்று. நம் ஆட்களில் பத்துக்கு எட்டு பேர் வேர்டை டைப்ரைட்டராகத்தான் வைத்திருக்கிறார்கள். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரை இருபது தடவை தட்டுவது, அடுத்த பக்கம் போக எண்டரை அழுத்திக்கொண்டே இருப்பது. அதைச் செய்யாதீர்கள். அத்தியாயத் தலைப்புக்கு 'ஹெடிங் 1', உள்தலைப்புக்கு 'ஹெடிங் 2' என்று ஸ்டைல் கொடுங்கள். 'வியூ'வில் போய் நேவிகேஷன் பேனைத் திறந்தால் இடது பக்கம் புத்தகம் முழுக்கப் பட்டியலாக நிற்கும். ஏழாம் அத்தியாயத்தை நான்காவதாக வைக்க வேண்டுமா, அங்கேயே பிடித்து இழுத்து மேலே விடலாம், உள்ளே இருக்கிற நாற்பது பக்கமும் கூடவே வந்துவிடும்.

இன்னொன்று, பலருக்குப் பைத்தியம் பிடிக்க வைப்பது. தமிழுக்கு எழுத்துருவை மாற்றினால் மாறவே மாறாது, அளவு கூட்டினால் கூடாது. எழுத்துருப் பெட்டியை முழுசாகத் திறந்து பார்த்தால் மேலே ஒரு எழுத்துரு, கீழே 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனியாக ஒரு எழுத்துரு இருக்கும். தமிழ் கீழே இருப்பதன் பேச்சைத்தான் கேட்கும்.

நாகமலைக்காரி

மகன் சொல்வதில் தப்பில்லை சார். என் ஆய்வேட்டின் முதல் வரைவு முழுக்க ஸ்க்ரிவ்னரில்தான். வேர்டில் புத்தகம் என்பது நீளமாக ஒரே சுருள்; இதில் துண்டு துண்டு. நீங்கள் ஒரு கண்மாய்க்கு ஒரு துண்டு வைக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டை, அதில் இரண்டு வரிச் சுருக்கம். அட்டையை இடம் மாற்றினால் எழுத்தும் இடம் மாறும். எனக்கு மிகவும் உதவியது திரையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது: ஒரு பக்கம் பேட்டியின் எழுத்து வடிவம், பக்கத்திலேயே நான் எழுதும் பத்தி. பெரியவர் சொன்ன வார்த்தையை மறந்துபோய் என் வார்த்தையைப் போட்டுவிடுகிற வியாதி அதோடு நின்றது.

இலவசமாக 30 நாள் பார்க்கலாம், அதுவும் திறந்த நாள் மட்டும்தான் கணக்கு. வாரத்துக்கு ஒரு நாள் திறந்தால் ஆறேழு மாதம் ஓடும். பிடித்தால் ஒரே தடவை காசு, 60 டாலர் பக்கம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரே கோப்பு இல்லை, உள்ளே நூற்றுக்கணக்கான குட்டிக் கோப்புகள் உள்ள ஒரு ஃபோல்டர். அதை இணையச் சேமிப்பில் போட்டுவிட்டு, மேலூரில் ஒரு கணினியிலும் பெங்களூரில் மகன் கணினியிலும் ஒரே நேரம் திறந்தால் குழப்பம்தான். அப்புறம் என் நெறியாளர் திருத்தங்களை வேர்டில்தான் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு வேர்டுக்கு மாற்றினேன், பிறகு ஸ்க்ரிவ்னருக்குத் திரும்பிப் போகவே இல்லை. அது வரைவு எழுதுகிற இடம், முடிக்கிற இடம் இல்லை.

இலந்தைக்குளம்

ரெண்டும் வேண்டாம் சார். வெறும் நோட்பேட். அத்தியாயத்துக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பு, தலைப்புக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி, அவ்வளவுதான். மார்க்டவுன் என்று பெயர். பாண்டாக் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, ஒரு வரி கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்து வேர்ட் கோப்பாகவோ மின்னூலாகவோ ஆக்கிக் கொடுக்கும். அடிக்குறிப்பு, உள்ளடக்கம் எல்லாம் வரும். முப்பது வருடம் கழித்து எந்தக் கம்பெனி இருக்குமோ தெரியாது, டெக்ஸ்ட் கோப்பு திறக்கும்.

தெப்பக்குளம்

தம்பி, ஓய்வு பெற்ற வாத்தியாரைக் கறுப்புத் திரையில் ஒரு வரி கொடுக்கச் சொல்கிறாய். சொல்லடைவு அந்த ஒரு வரியில் வந்துவிடுமா?

இலந்தைக்குளம்

சொல்லடைவு கொஞ்சம் சிரமம்தான் அண்ணே, ஒத்துக்கொள்கிறேன்.

ஃபாரம்16

மதுரையில் 22 வருடமாகப் பக்க வடிவமைப்பு செய்கிறவன். டிடிபி கடைக்காரர் சொன்னது திமிர் இல்லை ஐயா, அனுபவம். ஏன் திரும்ப அடிக்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டால் எந்த மென்பொருள் என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும். மேலே யாருமே அந்தப் பாமினி விஷயத்தைத் தொடவில்லை.

உங்கள் 2006 அத்தியாயங்கள் தமிழில் இல்லை. கண்ணுக்குத்தான் தமிழ். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது எழுத்துரு. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும், எம் கே அரைப்புள்ளிதான் தெரியும். செந்தமிழ், வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகமூடி, ஒன்றுக்கொன்று ஒத்தும் போகாது. எழுத்தாளர் ஒன்றில் அடித்திருப்பார், எங்கள் கடையில் வேறொன்று இருக்கும். அதற்கு மேல் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியவே தெரியாது. இன்னும் பல கடைகளில் அதுதான் ஓடுகிறது. நீங்கள் அழகாக யூனிகோடில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அங்கே உள்ளே விட்டால் கேள்விக்குறியாகக் கொட்டும். மாற்றி மாற்றிப் பார்த்து வெறுத்துப்போய், பையனை உட்காரவைத்துத் திரும்ப அடித்துவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: உங்கள் புத்தகத்தைப் பக்கம் கட்டப்போகிறவர் இன்டிசைன் என்ற புதிய பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடாகக் கட்டுவாரா? கட்டுவார் என்றால், நீங்கள் எதில் எழுதினாலும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. கட்ட மாட்டார் என்றால் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். இன்டிசைனிலும் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போகும். "வேர்ல்ட்-ரெடி போட்டுக் கட்டுவீங்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் முகம் போகிற போக்கிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் எங்களுக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்பது. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு. அடிக்குறிப்பை மென்பொருளின் அடிக்குறிப்பு வசதியிலேயே போடுங்கள், அது அப்படியே இன்டிசைனுக்குள் வந்துவிடும்; கையால் நட்சத்திரம் போட்டுப் பக்கத்தின் அடியில் அடித்தீர்கள் என்றால் ஒவ்வொன்றாக நாங்கள் தேடி வெட்டி ஒட்ட வேண்டும். போட்டோவைக் கோப்புக்குள் செருக வேண்டாம். வேர்ட் சேமிக்கும்போது படத்தைச் சுருக்கிவிடும், அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 'படம் 37 இங்கே' என்று ஒரு வரி போதும், படங்கள் தனி ஃபோல்டரில், அதே எண்ணோடு. பக்கம் இத்தனை வர வேண்டும் என்று எழுத்தைச் சுருக்கி விரிக்கவும் வேண்டாம். 16 பக்கம் ஒரு ஃபாரம், 208 பக்கம் என்றால் 13 ஃபாரம். கடைசியில் இரண்டு பக்கம் கூடுவதும் குறைவதும் எங்கள் தலைவலி, நீங்கள் எழுதுங்கள்.

மேலூர்_வாத்தியார்

ஃபாரம்16 தம்பிக்கு ரொம்ப நன்றி. எம் கே அரைப்புள்ளி படித்துவிட்டு வீட்டம்மாவிடம் சொன்னேன், "பதினெட்டு வருஷமா இங்கிலீஷ்லயா எழுதிக்கிட்டிருந்தீங்க" என்கிறார்.

அந்த மூன்று அத்தியாயத்தையும் என்ன செய்வது? 70 பக்கம் இருக்கிறது.

இலந்தைக்குளம்

அது லேசு சார். என்.எச்.எம். கன்வர்ட்டர், பொங்குதமிழ் என்று எழுத்து மாற்றிகள் இருக்கின்றன, பாமினியைப் போட்டால் யூனிகோடு வரும். இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 1998 பொங்கல் அன்றைக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறதே, பெயரில்தான் மதுரை, வேலை செய்தவர்கள் உலகம் முழுக்க, அவர்களே பழைய இலக்கியங்களை முதலில் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் ஏற்றிவிட்டுப் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். சங்க இலக்கியமே மாறியிருக்கிறது, கண்மாய் மாறாதா.

தட்டச்சுக்கு என்.எச்.எம். ரைட்டர் போடுங்கள். அதில் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் இருக்கிறது, உங்கள் 1981 விரல் அப்படியே ஓடும், திரையில் விழுவது யூனிகோடு. நேரம் இருந்தால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிப் பாருங்கள். 'மதுரை'க்கு ஐந்தே தட்டு: ம, த, உ, ர, ஐ. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் எட்டு. 'க'வை இரண்டு தடவை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

ரயில்வே_காலனி

இத்தனை கூத்துக்கு ஒரு குயர் பேப்பரும் ஒரு பேனாவும் போதும். கரண்ட் போனால் பேனா நிற்காது.

அடுப்படி_எழுத்து

ரயில்வே காலனி அண்ணே, உங்களுக்குப் பேப்பரை விரிக்க ஒரு மேஜையும் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரமும் இருக்கிறது. எனக்கு இரண்டும் இல்லை. திருநகரில் இருக்கிறேன், ஒரு நாவல் முழுக்கப் போனில் எழுதியவள். குக்கர் மூணு விசில் வருவதற்குள் ஒரு பத்தி, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும்போது ஒரு பக்கம். கூகுள் டாக்ஸ்தான். இணையம் இல்லாவிட்டாலும் எழுதுகிற மாதிரி முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்கு வந்ததும் தானே சேர்ந்துகொள்ளும்.

வாத்தியார் சாருக்கு இதில் பிடிக்கப்போவது குரல் தட்டச்சு. 11 நோட்டையும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. கணினியில் குரோமில் டாக்ஸைத் திறந்து, மொழி தமிழ் என்று வைத்து, நோட்டை எதிரில் விரித்துப் படியுங்கள், அது அடித்துக்கொண்டே போகும். கமா, முற்றுப்புள்ளி மட்டும் நீங்கள் போட வேண்டும்.

ஆனால் ஒன்று, அதற்கு நம்ம ஊர்ப் பேச்சு ஆகாது. "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று சொன்னால் "வந்தாங்க, போனாங்க" என்று பண்ணி வைக்கும். "அங்கிட்டு"க்கு என் போன் ஒரு தடவை "அங்க விட்டு" போட்டது. என் கதாநாயகியின் அப்பத்தா மெட்ராஸில் பிறந்தவள் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அதனால் விவரிப்பை மட்டும் குரலில் சொல்லுங்கள், பெரியவர்கள் பேச்சைக் கையால் அடியுங்கள். உங்கள் புத்தகத்தில் அந்தப் பேச்சுதானே தங்கம்.

நாகமலைக்காரி

அக்கா, பெரிய கோப்பு ஆனால் போனில் திணறுமே?

அடுப்படி_எழுத்து

திணறும். அதனால்தான் அத்தியாயத்துக்கு ஒன்று. ஒரு டாக்கில் 10 லட்சத்து 20 ஆயிரம் எழுத்துக்குறி வரை வைக்கலாம் என்பது கணக்கு, நாம் யாரும் அவ்வளவு எழுதப்போவதில்லை. ஆனால் அது எண்ணுகிற கணக்கு வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'கொக்கு' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. கொம்பு, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனி.

மேலூர்_வாத்தியார்

பத்து நாள் ஆயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

எழுத்து மாற்றி ஒன்றில் 70 பக்கத்தையும் போட்டேன். ஐந்து நொடியில் வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வராத குறை. அப்புறம் படித்துப் பார்த்தேன். நான் ஆங்கிலத்தில் அடித்திருந்த இடத்தையும் அது விட்டுவைக்கவில்லை, பி.டபிள்யூ.டி. என்று இருந்த இடமெல்லாம் எந்த அகராதியிலும் இல்லாத தமிழ்ச் சொல்லாக நிற்கிறது. பென்னிகுயிக் பெயரை ஆங்கிலத்தில் போட்டிருந்தேன், அந்த மனிதர் 1895ல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டதற்கு நான் செய்த கைம்மாறு அவர் பெயரை வாயில் நுழையாததாக ஆக்கியதுதான்.

சரி, அதைக் கையால் திருத்திவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம்.

ஒன்று, 'கொட்டாம்பட்டி' என்று தேடினால் சில பக்கங்களில் கிடைக்கிறது, சில பக்கங்களில் கண்ணெதிரே இருந்தும் இல்லை என்கிறது. இரண்டு, நோட்டில் பாதி இடத்தில் ஊர் வழக்கப்படி 'கம்மாய்' என்று எழுதியிருக்கிறேன், பாதி இடத்தில் 'கண்மாய்'. என் விவரிப்பில் எல்லாம் 'கண்மாய்' என்று ஒன்றாக்கலாம் என்று தேடி மாற்றினேன். 41 இடத்தில் மாற்றியதாகச் சொன்னது. ஆனால் இன்னும் பக்கத்துக்குப் பக்கம் 'கம்மாயில்', 'கம்மாயை' என்று நிற்கிறதே.

ஃபாரம்16

முதலாவது நாங்கள் தினம் அழுகிற அழுகை. பாமினியில் 'கொ' அடிப்பது மூன்று தட்டு: கொம்பு, க, கால். யூனிகோடில் 'கொ' என்றால் முதலில் க, பிறகு ஒகரக் குறி என்று ஒரே குறி. சில மாற்றிகள் க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகவே வைத்துவிடும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. தேடும்போது சில மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு சொல். கொ, கோ, கௌ வரிசை முழுக்க இந்தச் சிக்கல் உண்டு. 'கெளரவம்' என்று ளகரம் போட்டு அடிக்கிறார்களே, அது இதைவிடக் கொடுமை, அது நிஜமாகவே வேறு எழுத்து. இதேபோல் காலுக்குப் பதில் ரகரம், எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு. பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

செய்ய வேண்டியது: கொம்பும் காலும் அடுத்தடுத்து வருகிற இடத்தைத் தேடி ஒரே குறியாக மாற்ற வேண்டும். நீங்கள் தொட வேண்டாம், கோப்பைக் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை.

இலந்தைக்குளம்

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன் சார். 'கம்மாய்' என்று தேடும்போது கடைசி யகரத்தின் புள்ளியையும் சேர்த்துத் தேடுகிறீர்கள். 'கம்மாயில்' என்பதில் அந்தப் புள்ளி இல்லை, அதன் இடத்தில் இகரம் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் ஐ, இல் போன்ற வேற்றுமை உருபு ஏறினால் புள்ளி பறந்துவிடும், உங்களுக்கு நான் இலக்கணம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். அதனால் 'கம்மா' வரைக்கும் தேடி 'கண்மா' என்று மாற்றுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள். பெரியவர் பேச்சில் வரும் 'கம்மாக்கரை' 'கண்மாக்கரை' ஆகிவிட்டால் அவர் ஆவி வந்து கேட்கும்.

ஒரு நண்பர் தன் புத்தகத்தில் 'கால்' என்பதை எல்லாம் 'வாய்க்கால்' என்று ஒரே அழுத்தில் மாற்றினார். வாய்க்கால் எல்லாம் வாய்க்வாய்க்கால் ஆனது. நாற்காலி வாய்க்காலில் விழவில்லையே என்று கேட்டேன், நல்லவேளை அதில் கடைசி லகரத்துக்குப் புள்ளி இல்லை.

தெப்பக்குளம்

சிரித்துச் சிரித்து டீ மேலே கொட்டிக்கொண்டேன்.

வாத்தியார் ஐயா, பிழைதிருத்தியும் போட்டுக்கொள்ளுங்கள். 'வாணி' என்று இணையத்தில் இருக்கிறது, சந்திக்கு 'நாவி'. ஒற்று மிகும் மிகா விஷயத்தில் நாவி எனக்குப் பல தடவை மானம் காத்திருக்கிறது. ஆனால் அது சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்காதீர்கள், வட்டாரச் சொல் நிறைய வரும்போது உங்கள் கண்தான் கடைசி.

நாகமலைக்காரி

எதில் எழுதினாலும் நகல் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. என் இரண்டாம் இயல் ஒரு ராத்திரி காணாமல் போனது. எந்தச் செயலி என்று சொல்ல வேண்டாம், தப்பு பாதி என்னுடையது, கரண்ட் போன நேரத்தில் பேட்டரியும் இல்லாத கணினியில் சேமித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் திறந்தால் 31 பக்கம் வெறும் வெள்ளை. அதிலிருந்து எழுதி முடித்ததும் கோப்பின் பெயரில் அன்றைய தேதியைப் போட்டு ஒரு நகல், அதை எனக்கே மெயில், வெள்ளிக்கிழமை தோறும் பென்டிரைவில் ஒன்று. பென்டிரைவ் அம்மா வீட்டு பீரோவில், நகைக்குப் பக்கத்தில்.

மேலூர்_வாத்தியார்

ஒரே அத்தியாயத்தை மூன்றிலும் எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர்க் கண்மாய், 14 பக்கம். முதல் வாரம் ஸ்க்ரிவ்னர் இலவசப் பதிப்பு, இரண்டாவது வாரம் கூகுள் டாக்ஸ், மூன்றாவது வாரம் லிப்ரே ஆபிஸ் (வேர்டுக்குச் சந்தா கட்ட மனசு வரவில்லை, இது இலவசம், எஃப்5 அழுத்தினால் அதே மாதிரி அத்தியாயப் பட்டியல் வருகிறது).

ஸ்க்ரிவ்னரில் எனக்குப் பிடித்தது அட்டைகள். ஆனால் முதல் மூன்று நாள் அட்டையில் சுருக்கம் எழுதுவதிலும் அதற்கு நிறம் கொடுப்பதிலுமே போய்விட்டது. மடைக்கு நீலம், கலுங்குக்குப் பச்சை. நான்காவது நாள் எண்ணிப் பார்த்தேன், எழுதியது 90 வார்த்தை. பள்ளிக்கூடத்தில் டைம்டேபிளுக்கு ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டே முதல் வாரத்தை ஓட்டும் பையன்களைத் திட்டியிருக்கிறேன், அந்தப் பாவம்.

டாக்ஸில் குரலில் படித்தது அருமை. ஐந்து நாளில் ஒன்றரை நோட்டு ஏறிவிட்டது. 'கலுங்கு' என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக எழுதியது, அதில் ஒன்று 'கழுகு'. கழுகு வழியாக உபரித் தண்ணீர் வெளியேறும் என்று ஒரு வரி இருக்கிறது, நீக்க மனசில்லாமல் வைத்திருக்கிறேன்.

லிப்ரே ஆபிஸில் முதல் நாள் தமிழ் எழுத்துரு மாறவில்லை, தெப்பக்குளம் சொன்ன அதே கதை. அமைப்புகளில் மொழி என்ற இடத்தில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் என்பதற்கு டிக் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுத்ததும் சரியாயிற்று. அடிக்குறிப்பு ஒழுங்காக விழுகிறது. சொல்லடைவுக்கு ஒவ்வொரு சொல்லாகக் குறித்துக்கொண்டே போகலாம். பழைய கணினியில் மூச்சு வாங்காமல் ஓடுகிறது.

ஆகவே, நோட்டை டாக்ஸில் குரலில் ஏற்றுவது, எழுதுவது லிப்ரே ஆபிஸில். அட்டையை விட மனசில்லை. வீட்டில் வந்து குவிந்திருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி, கண்மாய்க்கு ஒன்றாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 23 கண்மாய். வீட்டம்மா தினம் ஒன்றைப் பிய்த்துப் பார்த்து "இது யாரு கல்யாணம்" என்று கேட்கிறார்.

அடுப்படி_எழுத்து

அந்தச் சுவரைப் போட்டோ எடுத்துப் போடுங்கள் சார். கழுகு வரியை நீக்காதீர்கள், அதற்கு ஒரு அடிக்குறிப்பு எழுதுங்கள்.

தெப்பக்குளம்

எனக்கு ஒரு வருத்தம்தான், லிப்ரே ஆபிஸ் கோப்பை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள், வேர்ட் வடிவில் சேமித்து அனுப்புங்கள். இல்லையென்றால் திறக்கவில்லை என்று போன் மேல் போன் வரும்.

ஃபாரம்16

அதோடு பி.டி.எஃப். ஒன்றும் சேர்த்து. உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று எங்களுக்கும் தெரிய வேண்டும், சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துத்தான் தீர்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் புது நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வருகிறேன். பாமினிக் கோப்பையும் மாற்றியதையும் இரண்டையும் பென்டிரைவில் கொண்டுவாருங்கள், கொம்பு கால் விவகாரத்தை அங்கேயே முடித்துவிடலாம்.

இலந்தைக்குளம்

நானும் வருகிறேன். சொல்லடைவைப் பாண்டாக்கில் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், தெப்பக்குளம் அண்ணனும் வர வேண்டும்.

ரயில்வே_காலனி

நான் வந்தால் பேனாவோடுதான் வருவேன்.

மேலூர்_வாத்தியார்

வாருங்கள், ஜிகர்தண்டா என் செலவு. இன்றைக்கு 640 வார்த்தை, நான்காம் அத்தியாயம். ஒரு மடைக்குப் பெயர் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், நோட்டிலும் இரண்டு விதமாகவே இருக்கிறது, நாளைக்குக் காலையில் ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் அடுத்த பத்தி. கரண்ட் போய்விட்டது, இதைப் போனில் எழுதுகிறேன். சேமித்துவிட்டேன்.